விரவலை அளந்த வரலாறு: கண்ணாடிக் குப்பியிலிருந்து நுண்மின்முனை வரை

முன்னுரை

ஆடாமல் அசையாமல் வைக்கப்பட்ட ஒரு குவளை நீரின் அடியில் சிறிது சர்க்கரையை இட்டுக் கலக்காமல் விட்டுவிடுவோம். அதன் இனிப்பு மேல்நோக்கிப் பத்து சென்டிமீட்டர் பரவ எவ்வளவு காலம் ஆகும்? ஏறத்தாழ நூறு நாள்களுக்கு மேல் ஆகும் என்பது கணக்கு. ஒரு சென்டிமீட்டர் பரவ ஒரு நாளுக்குச் சற்று மேல் போதும். தலைமுடியின் பருமனிலும் குறைந்த பத்து மைக்ரோமீட்டர் தொலைவைக் கடக்கவோ பத்தில் ஒரு வினாடியே போதும். தொலைவு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகிறது. இவ்வரலாறு முழுவதற்கும் அடிப்படையாக விளங்குவது இவ்வுறவே.

இந்த இயக்கத்திற்குத் தமிழில் 'பரவல்' என்றும் 'விரவல்' என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. காற்று அடித்தாலும் ஒன்று பரவும். நீர் ஓடினாலும் பரவும். விரவுதல் என்பதோ ஒன்றனுள் ஒன்று கலந்து நிற்றல். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரைத் தொல்காப்பியம் விரவுப்பெயர் என்று வகுத்திருப்பதை நாம் அறிவோம். ஓட்டமும் கலக்கலும் இன்றி, மூலக்கூறுகளின் ஓயாத தற்செயல் அசைவால் மட்டுமே நிகழும் கலப்பைக் குறிக்க 'விரவல்' என்ற சொல்லையே இக்கட்டுரையில் ஆளுகிறோம். ஒரு பொருள் ஒரு நீர்மத்தில் எவ்வளவு விரைவாக விரவும் என்பதைக் காட்டும் எண் விரவல் கெழு எனப்படும். அதன் அலகு, வினாடிக்கு இத்தனை சதுர சென்டிமீட்டர் என்பதாகும். நீரில் கரைந்த சிறு மூலக்கூறுகளுக்கு அது 0.00001 என்னும் அளவையொட்டி அமையும். 25 பாகை வெப்பநிலையில் சர்க்கரைக்கு அதில் ஏறத்தாழப் பாதி.

இவ்வளவு சிறிய எண்ணை மனிதர் எவ்வாறு அளந்தனர் என்பதே நம் பொருள். எந்த அளவீட்டிலும் அளக்கப்படும் எண்ணோடு, நம்பி ஏற்றுக்கொள்ளப்படும் எண்களும் சில உண்டு. விரவலை அளந்தோர் அவ்வாறு நம்பி ஏற்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தனர். எவை குறைந்தன, எது இறுதியில் எஞ்சியது என்பதை நாம் வரிசையாகக் காண்போம்.

கிரஹாமின் குப்பிகள்

நீர்மங்களில் விரவலை முறையாக ஆராய்ந்த முன்னோடி, ஸ்காட்லாந்தில் பிறந்த தாமஸ் கிரஹாம் ஆவார். வளிமங்களின் விரவலை ஆராய்ந்து பெயர் பெற்ற அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது நீர்மங்களின்பால் கவனத்தைத் திருப்பினார். அந்த ஆய்வு அரச கழகத்தின் பேக்கரியன் உரையாக வெளிப்பட்டு 1850இல் அச்சேறியது.

அவருடைய கருவி மிக எளியது. உப்புக்கரைசல் நிரம்பிய சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றை, தூய நீர் நிறைந்த பெரிய கலத்தினுள் அசையாமல் இறக்கி வைத்தார். குப்பியின் வாய் திறந்தே இருக்கும். பல நாள்கள் கழித்துக் குப்பியின் வாயை மூடி வெளியே எடுத்து, கலத்தில் இருந்த நீரை ஆவியாக்கி, எஞ்சிய உப்பை நிறுத்தார். இவ்வாறு ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே செய்து, எது விரைவாக விரவுகிறது, எது தாமதமாக விரவுகிறது என ஒப்பிட்டார். அமிலங்களும் உப்புகளும் விரைந்து வெளியேறின. பிசினும் முட்டை வெண்கருவும் மிக மெல்ல வெளியேறின. இந்த வேறுபாட்டிலிருந்தே 1861இல் கூழ்மம் என்னும் கருத்தையும், சவ்வின் வழியே பொருள்களைப் பிரிக்கும் டயாலிசிஸ் என்னும் முறையையும் அவர் வகுத்தார். இன்று சிறுநீரக நோயாளர்க்குச் செய்யப்படும் டயாலிசிஸ் அப்பெயரையே தாங்கியுள்ளது.

கிரஹாமின் முறைக்கு இரண்டு வரம்புகள் இருந்தன. முதலாவது, அது ஒப்பீட்டைத் தந்ததே தவிர, கலத்தின் வடிவத்தைச் சாராத பொது எண்ணைத் தரவில்லை. இரண்டாவது, பல நாள்கள் நீளும் சோதனையில் அறையின் வெப்பநிலை சற்று மாறினாலும், மேசை சற்று அதிர்ந்தாலும் நீர் தானே சுழலத் தொடங்கும். அச்சுழற்சி சுமந்து செல்லும் உப்பும் விரவிய உப்பாகவே கணக்கில் சேர்ந்துவிடும். நீர் அசையவில்லை என்பதை அவர் நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஃபிக் வகுத்த விதி

முதல் வரம்பை நீக்கியவர் ஒரு மருத்துவர். ஜெர்மனியின் காசல் நகரில் பிறந்த அடால்ஃப் ஃபிக், சூரிச்சில் உடலியங்கியல் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். உடலின் சவ்வுகள் வழியே நீர்மங்கள் எவ்வாறு கடக்கின்றன என்னும் கேள்வியே அவரை விரவலிடம் அழைத்து வந்தது. கிரஹாமின் சோதனைகளைப் போற்றிய அவர், அவற்றின் அடியில் உள்ள விதி தேடப்படவில்லை என்பதைக் குறையாகக் கண்டார். உலோகத் தண்டில் வெப்பம் பாய்வதற்கு ஃபூரியே வகுத்த சமன்பாட்டையும், கம்பியில் மின்சாரம் பாய்வதற்கு ஓம் வகுத்த விதியையும் முன்மாதிரியாகக் கொண்டு 1855இல் தம் விதியை வெளியிட்டார். அடர்ந்த இடத்திலிருந்து அடர்வு குறைந்த இடத்திற்குப் பொருள் பாயும் வேகம், அவ்விடங்களுக்கிடையே செறிவு எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறதோ அதற்கு நேர்விகிதமாகும் என்பது அதன் சாரம். அந்த நேர்விகித மாறிலியே விரவல் கெழு. அப்போது ஃபிக்கின் அகவை இருபத்தாறைத் தாண்டவில்லை.

விதியைச் சரிபார்க்க, அடியில் உப்பும் மேலே தூய நீரும் அமைந்த குழாயைப் பயன்படுத்தினார். செறிவு ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, தராசிலிருந்து தொங்கவிட்ட கண்ணாடிக் குமிழால் ஒவ்வோர் ஆழத்திலும் கரைசலின் அடர்த்தியை அறிந்தார். செறிவு நேர்க்கோட்டில் சரிந்திருந்தது. பொது எண் ஒன்றுக்கு வழி பிறந்தது. ஆயினும் காத்திருப்பு குறையவில்லை.

சர்க்கரையும் அணுவும்

இத்தகைய எண் எதற்கு உதவும் என்று கேட்போர்க்கு 1905ஆம் ஆண்டு விடை தந்தது. சூரிச் பல்கலைக்கழகத்திற்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், நீரில் கரைந்த சர்க்கரையைக் கொண்டு மூலக்கூறின் அளவையும் அவகாட்ரோ எண்ணையும் கணிக்க முற்பட்டார். ஒரு மூலக்கூறு பெரிதாக இருந்தால் மெல்ல விரவும்; நீர்மம் பாகாக இருந்தாலும் மெல்ல விரவும். விரவல் கெழு, பாகுத்தன்மை, மூலக்கூறின் ஆரம் ஆகியவற்றை இணைக்கும் சமன்பாட்டை அவர் வருவித்தார். அதே ஆண்டில் மெல்பர்னில் வாழ்ந்த வில்லியம் சதர்லண்டும் தனித்து அதே உறவை வெளியிட்டிருந்தார்.

ஐன்ஸ்டைன் தாமே சோதனை எதையும் செய்யவில்லை. சர்க்கரைக்கு அவர் எடுத்தாண்ட விரவல் கெழு, 9.5 பாகையில் நாளொன்றுக்கு 0.384 சதுர சென்டிமீட்டர் என்பது. அது கிரஹாமின் சோதனைகளிலிருந்து ஸ்டெஃபான் என்னும் இயற்பியலாளர் கணக்கிட்ட எண். பல பத்தாண்டுகளுக்கு முன் இலண்டனில் காத்திருந்த குப்பிகள், அணு உண்மையா என்ற வழக்கில் சாட்சியாக வந்து நின்றன எனலாம்.

அவகாட்ரோ எண்ணுக்கு ஐன்ஸ்டைன் முதலில் பெற்ற விடை 2.1 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு. புதிய தரவுகளைக் கொண்டு 1906இல் அது 4.15 ஆயிற்று. பின்னர் பாரிசில் ழான் பெரேனின் ஆய்வகத்தில் செய்யப்பட்ட பாகுத்தன்மைச் சோதனைகள் அவருடைய சமன்பாட்டோடு பொருந்தாமற் போயின. ஐன்ஸ்டைனின் வேண்டுகோளுக்கிணங்க லுட்விக் ஹாப்ஃப் கணக்கை மீளப் பார்த்து அதில் ஒரு பிழையைக் கண்டார். 1911இல் வெளியான திருத்தத்தில் விடை 6.56 ஆயிற்று. இன்று நாம் ஏற்கும் மதிப்பு 6.022. வேறு வழியில் அளந்த ஒருவர் இல்லையேல் அப்பிழை இன்னும் நெடுநாள் மறைந்திருக்கக்கூடும் என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

மின்னோட்டம் எண்ணியாக மாறியது

நாள்களை வினாடிகளாகச் சுருக்கியது மின்வேதியியல். கரைசலில் ஓர் உலோக மின்முனையை வைத்து, அதனைத் தொடும் ஒவ்வொரு மூலக்கூறும் ஓர் எலக்ட்ரானை இழக்கும்படி தகுந்த மின்னழுத்தத்தைத் தந்தால், பாயும் மின்னோட்டம் வந்து சேரும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையாகிறது. உப்பை ஆவியாக்கி நிறுக்க வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டை மின்னோட்டமே எழுதுகிறது.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஃபிரெடரிக் காட்ரெல், லைப்சிக்கில் பட்டம் பெற்றபின் 1903இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் கணக்கைத் தந்தார். மின்முனையை ஒட்டிய மூலக்கூறுகள் முதலில் தீர்ந்துபோகின்றன. அந்த வெற்றிடம் அகல அகல, புதிதாக வருபவை மேலும் மேலும் தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. எனவே மின்னோட்டம் காலத்தின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. முதல் வினாடியின் முடிவில் இருந்த மின்னோட்டம் நான்காம் வினாடியின் முடிவில் பாதியாகும். அதன் அளவு விரவல் கெழுவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பிராகாவில் யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் கண்ட போலரோகிராஃபி முறை, விழுந்து புதுப்பிக்கப்படும் பாதரசத் துளியை மின்முனையாக்கியது. துளியில் பாயும் மின்னோட்டத்தை விரவல் கெழுவோடு இணைக்கும் சமன்பாட்டை 1934இல் இல்கோவிச் அளித்தார். ஹெய்ரோவ்ஸ்கிக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சில மில்லிமீட்டர் அகலமுள்ள மின்முனைக்கு இரு பக்கமும் இடர் உண்டு. சோதனை நெடுநேரம் நீண்டால், கிரஹாமை வருத்திய அதே நீர்ச்சுழற்சி இங்கும் தலைகாட்டும். தொடக்கத்திலேயே அளக்க முயன்றால், மின்முனையின் பரப்பு மின்தேக்கிபோல் மின்னேற்றம் பெறும் மின்னோட்டம் உண்மையான மின்னோட்டத்தை மறைக்கும். அன்றியும், விரவல் கெழுவைப் பெற மின்முனையின் பரப்பு, கரைபொருளின் செறிவு, ஒரு மூலக்கூறு இழக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். காலம் மிச்சமாயிற்று, நம்பி ஏற்க வேண்டியவை கூடிவிட்டன.

சிறுமையின் வலிமை

இவ்விடர்களில் முதலிரண்டைத் தீர்த்தது மின்முனையின் சிறுமை. மிக மெல்லிய பிளாட்டினக் கம்பியை இழுக்கும் கலை புதியதன்று. ஆங்கில அறிஞர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் 1813இலேயே பிளாட்டினத்தை வெள்ளியினுள் பொதிந்து ஒன்றாக இழுத்து, பின் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்கம்பிகளைச் செய்தார். தொலைநோக்கியின் குறுக்கிழைகளுக்காகச் செய்யப்பட்ட அவ்வகைக் கம்பி, பின்னாளில் நுண்மின்முனைக்கும் பயன்பட்டது.

நுண்மின்முனையின் தேவையை முதலில் உணர்ந்தோர் உடலியங்கியல் அறிஞர்கள் என்பது கருதத்தக்கது. உயிருள்ள திசுவினுள் ஆக்சிஜன் ஓரிடத்தில் எவ்வளவு உள்ளது என்பதை அத்திசுவைச் சிதைக்காமல் அறிய வேண்டியிருந்தது. பென்சில்வேனியாவில் பணியாற்றிய டேவிஸ், பிரிங்க் என்னும் இருவர் 1942இல் கண்ணாடியில் பொதிந்த நுண்ணிய பிளாட்டின மின்முனைகளை விவரித்தனர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஆடம்ஸ் குழுவினர் 1973இல் மூளைத் திசுவில் மின்வேதி அளவீட்டை மேற்கொண்டனர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிரான்சில் கோனோன் முதலியோர் மூளை அளவீட்டிற்குக் கார்பன் இழையைக் கையாண்டனர். ஆடம்ஸிடம் பயின்ற மார்க் வைட்மன் 1981இல் எழுதிய கட்டுரையும், சவுதாம்டனில் மார்ட்டின் ஃபிளைஷ்மன் குழுவினரின் பணிகளும் நுண்மின்முனையை வேதியியலாரின் பொதுக்கருவியாக்கின.

சிறிய மின்முனையில் நிகழ்வது என்ன? அகன்ற தட்டை மின்முனைக்கு மூலக்கூறுகள் ஒரே திசையிலிருந்து, சுவரை நோக்கி வருவனபோல வந்து சேர்கின்றன. பத்து மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்டுக்கோ, வெல்லத் துணுக்கை நோக்கி எறும்புகள் வருவதுபோல் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகின்றன. ஆதலால் வெற்றிடம் அகன்றாலும் வரத்து நின்றுவிடுவதில்லை. ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் மின்னோட்டம் குறைவது நின்று, ஒரு நிலையான மதிப்பை நெருங்குகிறது. அந்த மதிப்பிற்கான சமன்பாட்டை ஜப்பானிய ஆய்வாளர் சைட்டோ 1968இல் அளித்தார். எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, ஃபாரடே மாறிலியாகிய 96,485, விரவல் கெழு, செறிவு, வட்டின் ஆரம் ஆகிய ஐந்தையும் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்கினால் நிலைத்த மின்னோட்டம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஆரம் 5 மைக்ரோமீட்டர், செறிவு லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல், விரவல் கெழு 0.00001, இழக்கும் எலக்ட்ரான் ஒன்று எனில் மின்னோட்டம் 1.9 நானோஆம்பியர். ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் இரு பங்குக்கும் குறைவு. இத்தகைய மின்னோட்டத்தை அளக்க நல்ல மின்பெருக்கியும், சுற்றுப்புற மின்னிரைச்சலைத் தடுக்கும் உலோகக் கூண்டும் வேண்டும். ஆனால் ஒரு வினாடியில் முடியும் சோதனையில் நீர் சுழலத் தொடங்க நேரமில்லை. சிறிய பரப்பு விரைவில் மின்னேற்றம் பெற்றுவிடுவதால் தொடக்கத்தின் இடரும் வெகுவாகக் குறைகிறது.

இரு காலங்களின் விகிதம்

செறிவையும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையையும் நம்பி ஏற்கும் கட்டாயம் இன்னும் எஞ்சியிருந்தது. பழக்கமில்லாத நீர்மம் ஒன்றில் ஆக்சிஜன் எவ்வளவு கரைகிறது என்பது தெரியாதபோது, அதன் விரவல் கெழுவை எவ்வாறு அளப்பது? நிலைத்த மின்னோட்டம் தருவது செறிவும் விரவல் கெழுவும் பெருக்கிய தொகையையே. மிகுதியாகக் கரைந்து மெல்ல விரவும் பொருளும், குறைவாகக் கரைந்து விரைவாக விரவும் பொருளும் ஒரே மின்னோட்டத்தைத் தந்துவிடலாம்.

இதற்குரிய வழி இரு படிகளில் அமைந்தது. வட்ட வடிவ நுண்மின்முனையின் மின்னோட்டம் முதற்கணம் தொட்டு நிலைபெறும் வரை எவ்வாறு மாறும் என்பதற்கு, ஒரு விழுக்காட்டிற்கும் குறைந்த பிழையுடைய ஒற்றைச் சமன்பாட்டை 1982இல் ஷூப், சாபோ இருவரும் தந்தனர். 1991இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெனோ, மிர்க்கின், பார்ட் மூவரும் அதிலுள்ள ஒரு வாய்ப்பை எடுத்துக்காட்டினர். தொடக்க மின்னோட்டம் விரவல் கெழுவின் வர்க்கமூலத்தையும், நிலைத்த மின்னோட்டம் விரவல் கெழுவையும் பொறுத்தவை. செறிவும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒரே வகையில் பெருகி நிற்கின்றன. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அவை நீங்கிவிடும். எஞ்சுவன விரவல் கெழுவும் வட்டின் ஆரமும் மட்டுமே.

மேற்கூறிய எடுத்துக்காட்டையே கொள்வோம். மின்னழுத்தம் தந்த ஆயிரத்தில் ஒரு வினாடியில், மின்னோட்டம் தன் நிலைத்த மதிப்பைப் போல் மூன்று மடங்காக இருக்கும். விரவல் கெழு அதில் பாதியாக இருந்திருப்பின் ஏறத்தாழ நான்கு மடங்காக இருக்கும். கரைசலில் எவ்வளவு பொருள் உள்ளது என்பதை அறியாமலேயே, மின்னோட்டம் குறையும் வடிவத்திலிருந்து விரவல் கெழுவைப் படித்துவிடலாம். அதைப் படித்தபின், நிலைத்த மின்னோட்டத்திலிருந்து செறிவையும் பெறலாம். ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் காம்ப்டன் குழுவினர், அறை வெப்பநிலையிலேயே உருகிய உப்பாக இருக்கும் அயனிநீர்மங்களில் இத்தகைய முறையால் ஆக்சிஜனை ஆராய்ந்தனர். ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானைப் பெற்றுச் சூப்பராக்சைடு ஆனதும், அந்நீர்மங்களில் அது பல மடங்கு மெதுவாக விரவுவதைக் கண்டனர். மின்னூட்டம் பெற்றது சுற்றிலும் உள்ள அயனிகளால் பிணிக்கப்படுகிறது.

எஞ்சிய ஒரு நீளம்

இவ்வாறு எல்லாம் நீங்கியபின் நம்பி ஏற்க வேண்டியதாய் நிற்பது ஒரு நீளம்: வட்டின் ஆரம். விகித முறையில் விரவல் கெழு, ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஆரத்தில் இரண்டு விழுக்காடு பிழை நேர்ந்தால் விடையில் நான்கு விழுக்காடு பிழை நேரும். கண்ணாடிக்கும் கம்பிக்கும் இடையே நுண்ணிய இடைவெளி இருந்தாலோ, தேய்த்து மெருகிடும்போது வட்டு சற்றே உள்வாங்கினாலோ கணக்குப் பிறழும்.

ஆரத்தை எவ்வாறு அறிகிறார்கள்? நுண்ணோக்கியால் நேரே அளப்பது ஒரு வழி. பெரிதும் வழக்கில் உள்ள மற்றொரு வழி, ஃபெரோசீன் போன்ற நன்கறிந்த பொருள் ஒன்றின் நிலைத்த மின்னோட்டத்தை அளந்து, அதன் விரவல் கெழுவையும் செறிவையும் நூல்களிலிருந்து எடுத்து ஆரத்தைக் கணக்கிடுவது. இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். விரவல் கெழுவை அளக்க ஆரம் வேண்டும். ஆரத்தை அறிய வேறொரு விரவல் கெழு வேண்டும். அந்த எண் முன்பு மற்றொருவர் மற்றொரு மின்முனையில் அளந்ததாக இருக்கலாம். வெளியேறிய நம்பிக்கை பின்வாசல் வழியே மீண்டும் நுழைந்துவிடுகிறது.

இதனால் முறை பயனற்றது என்று நாம் கூறவில்லை. முன்பு நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடந்த ஐயம் இப்போது ஓரிடத்தில் திரண்டு நிற்கிறது. அதனைத் தேடிச் சோதிக்கலாம். குழாயில் ஓடும் நீர்மத்தில் ஒரு பொருள் அகலும் விதத்தை டெய்லர் 1953இல் ஆராய்ந்தார். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு கொண்டு அளக்கும் முறையை ஸ்டெய்ஸ்கல், டேனர் இருவரும் 1965இல் தந்தனர். இவ்விரண்டிற்கும் மின்முனையின் ஆரம் தேவையில்லை. இவற்றின் விடைகளும் நுண்மின்முனையின் விடையும் ஒத்துவந்தால் நாம் உறுதி கொள்ளலாம். பெரேனின் ஆய்வகம் ஐன்ஸ்டைனுக்குச் செய்த உதவியை, முறைகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்கின்றன.

நிறைவுரை

விரவல் மெதுவானது என்பதால் மனிதர் பல நாள் காத்திருந்தனர். அது குறுந்தொலைவில் விரைவானது என்பதை உணர்ந்தபின் கருவியைச் சுருக்கினர். நம் உடலும் அவ்வுண்மையின்மீதே அமைந்துள்ளது. இரத்த நுண்குழாயிலிருந்து உயிரணுவுக்கு ஆக்சிஜன் செல்லும் இறுதித் தொலைவு விரவலால் கடக்கப்படுகிறது. அத்தொலைவு மைக்ரோமீட்டர்களில் இருப்பதால்தான் நாம் உயிர்வாழ்கிறோம். நுண்மின்முனை முதன்முதலில் உயிர்த்திசுவை நோக்கிச் சென்றது இயல்பே.

அறிவியலைத் தமிழில் எழுதுவோர்க்கு இவ்வரலாறு ஒரு பணியைச் சுட்டுகிறது. விரவல் கெழு ஒன்றைத் தமிழில் எழுதும்போது எண்ணை மட்டும் எழுதுவது நம்மிடையே வழக்கம். நீர்க்கரைசலில் வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தாலே அவ்வெண் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு மாறும். நீர்மம் மாறினால் முற்றிலும் மாறும். ஆகவே எந்த நீர்மத்தில், எந்த வெப்பநிலையில், எம்முறையால் அளந்தது என்பதையும், நுண்மின்முனையால் அளந்ததாயின் அதன் ஆரம் எவ்வாறு அறியப்பட்டது என்பதையும் அதே வரியில் எழுதுவோம். 'நாளொன்றுக்கு 0.384' என்ற எண்ணை எடுத்தாண்டபோது, அது 9.5 பாகையில் கிரஹாம் செய்த சோதனையிலிருந்து ஸ்டெஃபான் கணக்கிட்டது என்பதை ஐன்ஸ்டைன் சேர்த்தே எழுதினார். நூற்றாண்டுக்கும் மேலாகிய பின்னும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிய முடிவது அதனால்தான்.